பை ஜீரோவுக்குக் கம்பத்திலிருந்தே கம்பைல்: கோ மொழி எப்படி இருக்கிறது?

குமுளியில் சித்தப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. தராசுக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினி இருக்கிறது. தராசு சீரியல் கேபிளில் அனுப்பும் எடையை வாங்கிக் கணக்கில் ஏற்றுவது அதன் வேலை. புரோகிராம் எழுதுவது நான், கம்பத்தில் என் லேப்டாப்பில். நடுவில் லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும் மலைப்பாதை. இங்கே கம்பைல் செய்தது, அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றியது, அங்கே ஓடியே ஆகவேண்டும்.

முதலில் சி மொழியில்தான் எழுதினேன். லேப்டாப்பில் இருந்த, ஆர்ம் வகை சிப்புகளுக்கான ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்து, மெமரி கார்டில் எடுத்துப் போனேன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' (சிப்புக்குத் தெரியாத கட்டளை) என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. மூட்டையோடு ஆட்கள் காத்திருந்தார்கள். "விடுப்பா, நோட்டுலயே எழுதிக்கிறேன்" என்றார் சித்தப்பா. எனக்கு மனசே ஆறவில்லை.

பை ஜீரோவில் இருப்பது ஆர்ம்வி6 சிப், 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்த அதே வகை. என் ஜிசிசியோ ஆர்ம்வி7க்கு ஆக்கித் தந்திருந்தது. சரி என்று, வி6க்கு ஆக்கச் சொல்லும் '-மார்ச்=ஆர்ம்வி6' கொடுத்தேன். அப்போதும் அதே வரி. நான் எழுதிய பகுதிதான் வி6க்கு மாறியது. அதோடு இணையும் சி நூலகமும் தொடக்கக் கோப்புகளும் வி7ஆகவே இருந்தன. இது பிடிபட ஒரு வாரம் ஆனது.

அப்புறம்தான் கோ மொழிக்கு வந்தேன். கோஓஎஸ்=லினக்ஸ், கோஆர்ச்=ஆர்ம், கோஆர்ம்=6 என்று ஓஎஸ், சிப் குடும்பம், சிப் வகை மூன்றையும் முன்னால் போட்டு 'கோ பில்ட்' கொடுத்தால் போதும். தனியாக ஒரு கம்பைலர் இறக்க வேண்டாம். தன் நூலகத்தையும் அதே சிப்புக்கு அதுவே கம்பைல் செய்துகொள்கிறது. கைக்கு வருவது ஒரே கோப்பு. வேண்டுமென்றே கோஆர்ம்=7 போட்டும் பார்த்தேன். இந்த சிப்பில் அதற்கான தசமக் கணக்கு வசதி இல்லை, மறுபடி கம்பைல் செய் என்று காரணம் சொல்லி நின்றது. ஒரு வாரம் அலைந்தவனுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

குறையும் உண்டு. வேறு சிப்புக்குக் கம்பைல் செய்யும்போது, சி நூலகங்களைச் சேர்க்க உதவும் சிகோ தானாக அணைந்துவிடும். கணக்கைச் சேமிக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸுக்குப் பலரும் எடுக்கும் பேக்கேஜுக்கு சிகோ வேண்டும். முழுக்கக் கோ மொழியிலேயே எழுதிய இன்னொன்றுக்கு மாறினேன். எடைக் கணக்குக்கு அது தாராளம். சி நூலகம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு கோ மொழியை நான் சொல்லமாட்டேன். கோப்பும் பெரிது, ஆனால் 512 எம்பி ராமில் சுமையாகத் தெரியவில்லை.

இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கும் கோஏஎம்டி64 என்ற இதே மாதிரி அமைப்பில் வி1 முதல் வி4 வரை நிலைகள் உண்டு. வி3க்குச் சிப்பில் ஏவிஎக்ஸ்2 என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு வேண்டும். பில் போடும் பழைய கணினியில் அது இல்லை, அதனால் வி1இலேயே விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் பஸ் ஏறும் முன், கோப்பு எந்த சிப்புக்கு ஆனது என்று காட்டும் 'கோ வெர்ஷன் -எம்' கொடுத்து, கோஆர்ம்=6 என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டைச் சட்டைப்பையில் போடுகிறேன்.