ரேடியோ ஆன்டெனா: கூரையிலா, வயிற்றிலா?

போன ஆடியில், இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றின் இரண்டாம் ரேடியோ ஆன்டெனாவை வயிற்றுப் பக்கத்திலிருந்து கழற்றிக் கூரைக்கு மாற்றினேன். கூட வேலை செய்யும் தம்பி, "ஏனுங்ணா, கீழயே சௌகரியமா இருந்துச்சுங்களே, எதுக்கு மேல ஏத்தோணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இது.

எல்லா ஆன்டெனாவுக்கும் இந்தக் கேள்வி வராது. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும், அது கூரைக்குப் போகும். டிரான்ஸ்பாண்டர் தரையிலுள்ள ராடாருக்குப் பதில் சொல்வது, அதன் ஏழு சென்டிமீட்டர் குச்சி வயிற்றில் இருக்கும். இழுபறியெல்லாம் விமானி விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரோடு பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்குத்தான். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் அலைவரிசை. கால் அலைநீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். கம்பி பாதி ஆன்டெனா என்றால், அது நிற்கும் அலுமினியத் தகடு மீதிப் பாதி.

வயிற்றுக்குச் சாதகமானவையும் உண்டு. பறக்கும்போது டவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் விமானத்தின் உடல் வராது. கூரையிலிருக்கும் முதல் ரேடியோவின் ஆன்டெனாவிலிருந்து நன்றாக விலகியிருக்கும். உள்கூரைத் துணியைப் பிரிக்கும் தலைவலி இல்லை, தரைப்பலகையைத் தூக்கினால் கை எட்டிவிடும். ஓடுபாதையில் நிற்கும்போது சக்கரக் கால்கள் சிக்னலை மறைப்பது ஒரு குறை. ஆனால் இருபது கிலோமீட்டருக்குள் சுற்றும் பயிற்சி விமானத்தில், பேச்சின் தெளிவை மட்டும் வைத்து இரண்டுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை.

என்னை மேலே போக வைத்தது பராமரிப்பு.

அந்த விமானத்தில் விமானி பேசினால் கரகரவென்றுதான் போய்ச் சேரும். ஐந்துக்கு இரண்டுதான் தெளிவு என்று டவரில் சொல்வார்கள். ரேடியோவையே மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் அதே கரகரப்பு. நான் கீழே படுத்து ஆன்டெனாவின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். ஈரம் புகாமல் அடியில் வைக்கும் கேஸ்கெட்டுக்குக் கீழே அலுமினியம் அரித்து, பல்பொடி போல வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் மேல் எஞ்சின் எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படலம். அடித்தட்டுக்கும் விமானத் தகட்டுக்கும் இடையிலான மின்தடை 3 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் அளந்தபோது மீட்டர் 45 காட்டியது. ஆன்டெனாவின் மீதிப் பாதியோடு பிடிப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

நம் கோயம்புத்தூரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று தூறலையும் புழுதியையும் சேர்த்தே கொண்டுவந்து அப்பும். எஞ்சின் கக்குவதெல்லாம் வயிற்றோடுதான் ஓடும். விமானத்தைக் கழுவும்போது குழாய்த் தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கும். உள்ளே வியர்க்கும் ஈரமும் வடிந்து அங்கேயே தேங்கும்.

கூரையில் வெயில்தான் எதிரி. ஓரத்தில் நீர் புகாமல் பூசும் சீலன்ட் காய்ந்து வெடிக்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும், வருடாந்திரச் சோதனையில் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம். ஒழுகினாலும் விமானியின் தோளில் சொட்டி அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றில் ஊறும் ஈரம் மாதக்கணக்கில் வெளியே தெரியாது.

கூரைக்கு மாற்றுவதாக இருந்தால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். உட்பக்கம் வலுவுக்கு வைக்கும் டப்ளர் தகட்டை இங்கே கணபதிப் பகுதியில் எந்தப் பட்டறையிலும் அரை மணி நேரத்தில் வெட்டித் தருவார்கள். ஆனால் சான்றிதழோடு வந்த 2024-டி3 அலுமினியமாக இல்லாவிட்டால் அதை விமானத்தில் ஏற்றக் கூடாது. மாற்றத்துக்கான ஒப்புதல் காகிதமும் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். கேபிளை இணைப்பானுக்கு முன்னால் ஒரு தொய்வு விட்டுக் கட்டுங்கள், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பழைய ஆர்ஜி-58 ரகக் கேபிளை அப்படியே விடாமல் ஆர்ஜி-400 ரகம் போடுங்கள்.

மூன்றாவது ஜிபிஎஸ். ரேடியோவில் 131.25 வைத்துப் பேசினால் அதன் பன்னிரண்டு மடங்கான 1575 மெகாஹெர்ட்ஸிலும் கொஞ்சம் சிக்னல் கசியும்; 121.15க்குப் பதின்மூன்று மடங்கும் அதன் பக்கத்தில்தான் விழும். ஜிபிஎஸ் கேட்பது 1575.42ல். இரண்டும் ஒரே கூரையில் இருப்பதால், 121.15, 121.175, 131.25, 131.30 ஆகியவற்றில் அரை நிமிடம் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைத் தவறவிடுகிறதா என்று பார்ப்பேன். முதலில் நான் குறித்த இடத்தில் தவறவிட்டது. நல்லவேளையாகத் துளை போடுவதற்கு முன்பே, தற்காலிகமாக ஒட்டிவைத்துப் பார்த்திருந்தேன். முக்கால் மீட்டர் பின்னால் தள்ளியதும் சரியாகிவிட்டது.

இதெல்லாம் மணிக்கு 200 கிலோமீட்டருக்குள் பறக்கும் உலோக விமானங்களில் கிடைத்த அனுபவம். ஃபைபர் உடலில் அலுமினியத் தகடு இல்லாததால், உள்ளே செம்பு வலை விரித்துத்தான் ஆன்டெனாவின் அந்த மீதிப் பாதியை உண்டாக்க வேண்டும். அப்படி ஒன்றே ஒன்றில்தான் நான் கை வைத்திருக்கிறேன், அதுவும் உதவியாளாக. அதை வைத்துக்கொண்டு கூரைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்த விமானத்துக்கு இந்த ஆடியும் வந்து போய்விட்டது. போன வாரம் அளந்தோம், 1.8 மில்லி ஓம். தம்பிதான் மீட்டரைப் பிடித்திருந்தான்.