கடல் இல்லாத வேலூரில் ஒரு கப்பல் கதை

இந்த முறை ஊருக்குப் போனபோது மகளைக் கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன், அதுவும் இரண்டாவது முயற்சியில்தான். முதல் தடவை போனது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விடுமுறை என்பது எனக்கு மறந்தே போச்சு. போதாததற்குக் காரும் சொதப்பல். ஒரு டிராவல்ஸில் எட்டு மணிக்குச் சொல்லி வைத்த வண்டி பத்தேகாலுக்கு வந்தது, ஓட்டுநர் தம்பியைத் திட்டி என்ன பயன், அவருக்கே ஒன்பதரைக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள், பணத்தை மட்டும் முதல் நாளே வாங்கியாச்சு. வேலூருக்குள் சுற்றக் கார் எதற்கு என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், சரிதான். ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோ பிடித்தோம். என் பேன்ட்டையும் ஷூவையும் பார்த்துவிட்டு ஒரு ரேட் சொன்னவர், அப்பா வாயைத் திறந்ததும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

நாங்கள் இருப்பது லண்டனில். கிரீனிச்சில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் மழை நாளெல்லாம் அங்கேதான் பொழுது போகும். டிராஃபல்கர் கடற்சண்டையில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் போட்டிருந்த கோட்டு அங்கே இருக்கிறது, இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டையோடு. அதே சண்டையை டர்னர் வரைந்த பிரம்மாண்ட ஓவியமும் உண்டு. அது நடந்தது 1805 என்று மகளுக்கு மனப்பாடம். அடுத்த வருஷமே, 1806 ஜூலை 10 அன்று, தாத்தா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லித்தராதது என் தப்பு.

“இங்கே கப்பல் இருக்குமா?” என்று கேட்டாள். “தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில், ராஜா இல்லாத கோட்டை, இதுதான்மா நம்ம ஊரு. இதுல கப்பலுக்கு எங்க போறது?” என்றார் அப்பா. சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டாலும் அவர் இந்தப் பழைய கிண்டலை விடுவதில்லை.

ஆனால் ராஜா இருந்தார், கைதியாக. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். அவர் ஆடிய யானைத் தந்தச் சதுரங்கப் பலகையும் காய்களும் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் ஓர் அக்காதான் “பாப்பா, இதைப் பார்க்காம போயிடாதே” என்று கூப்பிட்டுக் காட்டினார். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றதில் ஆவி படிந்துவிட்டது, அதைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிட்டுச் சிரித்தார்.

கப்பல் கதையை நான் சொன்னேன். 1815-ல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், 1816 ஜனவரியில் அரசரைக் குடும்பத்தோடு கொழும்பில் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்துதான் வேலூருக்கு. அது 74 பீரங்கிக் கப்பல், 1813-ல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. (பின்னாளில் 1842-ல் சீனாவோடு நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இதே கப்பலில்தான்.) அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆட்கள் அலையைத் தாண்டிக் கரைக்கு வருவார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கதை பிடித்தது, படகை எப்படித் தைப்பார்கள் என்று பத்துக் கேள்வி.

அப்புறம் திடீரென்று, “ராஜாவோட விளையாடினவங்க அவரை ஜெயிக்க விட்டிருப்பாங்களா?” என்றாள். பதினாறு வருஷம் இங்கேயே இருந்து 1832-ல் இறந்தவர். நான் என்ன சொல்வது.

அவர் சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது, கோட்டையிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள், காலையிலேயே கிளம்புங்கள், பதினோரு மணிக்கு மேல் கோட்டைக் கல் வெயிலில் கொதிக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது லாங் பஜாரில் ஒரு பிளாஸ்டிக் செஸ் செட் வாங்கினோம். ஃபிளைட் ஏறும் வரைக்கும் தினமும் சாயங்காலம் ஆட்டம். தாத்தா ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை.