‘டூ லேட் ஃபார் டியர்ஸ்’ டிஸ்க் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய நுவார் படங்களை, அதாவது இருண்ட மனம் கொண்ட அந்தக் கால ஹாலிவுட் குற்றப் படங்களை, சேர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1949இல் வந்த ‘டூ லேட் ஃபார் டியர்ஸ்’ படத்தின் ப்ளூரே என்று சொல்லி, என்னிடம் 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் போலி டிஸ்க்கை அனுப்பிவிட்டார்.

படம் தெரியாதவர்களுக்கு: இரவில் காரில் போகும் கணவன் மனைவியின் வண்டிக்குள் யாரோ ஒரு பையை வீசிவிட்டுப் போகிறார்கள். உள்ளே 60,000 டாலர். போலீசில் கொடுத்துவிடலாம் என்கிறான் கணவன். மனைவிக்கு மனம் வரவில்லை. அந்த மனைவி லிஸபெத் ஸ்காட். பணத்தைக் கேட்டு மிரட்ட வரும் டான் டுரியாவே போகப் போக அவளைப் பார்த்து நடுங்குவான். எனக்கு இதற்கு மேல் ஒரு நுவார் நாயகி கிடையாது.

இத்தனை நல்ல படம் பல வருடம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அமெரிக்காவில் காப்புரிமை போய்விட்டதால் தேய்ந்த பிரதிகளை யார் யாரோ போட்டு விற்றார்கள். ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகமும் சேர்ந்து மீட்டெடுத்த பிரதியை ஃப்ளிக்கர் ஆலி நிறுவனம் 2016இல் வெளியிட்டது. எல்லோரும் தேடுவது அதைத்தான். விற்றவர் காட்டியதும் அதன் அட்டையைத்தான்.

அசல் பெட்டியில் ப்ளூரே, டிவிடி என்று இரண்டு டிஸ்க்கும் ஒரு சிறு புத்தகமும் இருக்கும். எனக்கு வந்தது ஒரே டிஸ்க், அதுவும் டிவிடி. அட்டை வீட்டு பிரிண்டரில் எடுத்தது. டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா. கம்பெனியில் அச்சடித்த டிவிடி வெள்ளியாக மின்னும். ஊதாவாக இருந்தால் கம்ப்யூட்டரில் பதிந்தது. சரி, ஓடவிட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். ‘கில்லர் பெயிட்’ என்று பெயர் வந்தது. 1955 மறுவெளியீட்டில் இதே படத்துக்கு வைத்த பெயர் அது! அப்படியானால் இது மீட்டெடுத்த பிரதி இல்லை. இரவு நேரப் படகுக் காட்சியில் முகம் எது, தண்ணீர் எது என்றே தெரியவில்லை. அந்தக் காட்சிக்காகத்தான் வாங்கினேன்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “காப்புரிமை இல்லாத படம்தானே சார், நான் என்ன திருடிவிட்டேனா?” என்றார். ஒரு பதிப்பின் அட்டையைக் காட்டி வேறொன்றை அனுப்பினால் அது ஏமாற்றுதான். யுபிஐயில் நேராக அனுப்பிய பணம், திரும்பவில்லை.

இந்தப் படத்தை யாரிடம் வாங்கினாலும் டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும், தொடக்கத்தில் வரும் பெயரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் பணம் கொடுங்கள். நேற்று என் நண்பர் அவரிடம் அப்படிக் கேட்டார். பதிலே இல்லை. விளம்பரம் மட்டும் அதே அட்டையோடு இன்னும் இருக்கிறது.