சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குக் கருவிப் பலகை: அலுமினியமா, கார்பனா, பிளைவுட்டா?

சிறிய விமானத்தைத் தாமே கட்டுவோர், விமானிக்கு முன்னால் கருவிகளைப் பொருத்தும் கருவிப் பலகைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் எடையைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள்; கார்பன் ஃபைபர் மீதான ஆசையும் அதிலிருந்தே பிறக்கிறது. ஒரு மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பலகையை 1.6 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் செய்தால், துளையிடுவதற்கு முன் ஏறத்தாழ 1.3 கிலோ வரும். 2 மில்லிமீட்டர் கார்பனில் செய்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். துளைகளை வெட்டியபின் இந்த வேறுபாடு மேலும் குறைந்துவிடும்.

அந்தச் சில நூறு கிராமுக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், அலுமினியச் சட்டத்தை அது நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். சென்னையின் கடற்காற்றில் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. இடையே கண்ணாடியிழை அடுக்கு வைத்துத் தடுக்கலாம் என்றாலும், வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கும் கெடுதல், மின்னணுக் கருவிகளுக்கும் கெடுதல்.

பிர்ச் பிளைவுட் இலேசானது, இழைவாளாலேயே அறுத்துவிடலாம். ஆனால் மரம் மின்சாரத்தைக் கடத்தாததால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எர்த் கம்பி இழுக்க வேண்டும். விளிம்புகளுக்கு எபாக்ஸிப் பிசின் பூசாமல் விட்டால் ஐப்பசி மழையில் ஊறி உப்பும். மர விமானம் கட்டுவோருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆகவே என் தேர்வு அலுமினியம். அதிலும் 2024-டி3 என்ற அலுமினியக் கலவை அல்ல, 6061-டி6 என்ற கலவை. முன்னதன் இழுவலிமை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் பலகை சுமை தாங்கும் உறுப்பு என்று வடிவமைப்பாளர் குறிப்பிட்டிருந்தாலொழிய (அப்போது அவர் சொன்ன உலோகத்தை மாற்றவே கூடாது) அந்த வலிமைக்கு இங்கே வேலையில்லை. 2024 கலவையில் சுமார் 4 சதவீதம் செம்பு கலந்திருப்பதால் அது எளிதில் அரிக்கப்படும். அதைத் தடுக்கத் தகட்டின் முகத்தில் தூய அலுமினியப் படலம் ஒட்டியிருந்தாலும், வெட்டிய விளிம்பில் அது இருக்காது. கருவிப் பலகையோ விளிம்புகளாலேயே ஆனது.

பலகையை ஒரே தகடாக வெட்டுவதா, பிரித்தெடுக்கும் பகுதிகளாக வெட்டுவதா என்பதே உண்மையில் பெரிய கேள்வி. அம்பத்தூரிலோ கிண்டியிலோ உள்ள, கணினி வழியே வெட்டும் சி.என்.சி. பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தால் ஒரே தகடு அழகாகவே வந்துவிடும். ஆயினும் வேகமானி, உயரமானி போன்ற வட்டக் கருவிகளின் துளை 79.4 மில்லிமீட்டர் என்று பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்க, மின்னணுத் திரைகளின் செவ்வக வெட்டு நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறுகிறது. திரைக்குரிய பகுதியை மட்டும் தனித் தகடாகத் திருகி வைத்தால், நாளை திரை மாறினாலும் அந்தத் துண்டை மட்டும் புதிதாக வெட்டினால் போதும். அந்தத் திருகுகள் காந்தத் திசைகாட்டிக்கு அருகில் வருமானால் பித்தளையில் வாங்குங்கள். சாதாரண எஃகுத் திருகு முள்ளை இழுக்கும்.