செல்லாத கோல்: கல்லூரி வழியா, என்ஹெச்எல் வழியா?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் பயிற்சியாளர் தன் அணியின் டைம்-அவுட்டை, அதாவது ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் சிறு இடைவேளையை, பணயம் வைத்துத்தான் கோல் தீர்ப்பை வீடியோவில் மறுபரிசீலனை செய்யக் கேட்கிறார். எடுபடாவிட்டால் அது போச்சு. தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் 2019-20 சீசனிலிருந்து, கேட்டுத் தோற்ற அணி 2 நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இந்த விஷயத்தில் கல்லூரி வழிதான் எனக்குப் பிடித்தது. பயிற்சியாளரின் தப்புக் கணக்குக்கு வீரர்கள் ஏன் இவ்வளவு விலை கொடுக்க வேண்டும்?

சரி, தீர்ப்பு யார் கையில்? ரசிகர்கள் கொதிப்பதே இங்கேதான். கோல்கீப்பருக்கு இடைஞ்சல் செய்து போட்ட கோல் செல்லாது. அவர் காலில் எதிரணி வீரரின் ஸ்கேட் உரசியது தெரிகிறது. ஆனால் அந்த வீரர் தானாக வந்தாரா, கோல்கீப்பரின் சொந்த அணித் தடுப்பு வீரர் தள்ளிவிட்டாரா? கல்லூரி ஆட்டத்தில் கோலை மறுத்த நடுவரே திரையையும் பார்க்கிறார். தன் தீர்ப்பைத் தானே மாற்ற யாருக்கும் மனசு வராது. என்ஹெச்எல்லில் டொரண்டோவில் உள்ள லீக்கின் வீடியோ அறை முடிவு சொல்கிறது; அந்தத் தூரம் கல்லூரிக்கும் வேண்டும்.