எந்த டிஸ்க்கில் கோளாறு? எம்டி ரெய்டும் இசட்எஃப்எஸ்ஸும்

மதுரையில் ஒரு கல்யாண ஸ்டூடியோவின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் அங்கிருந்து ஒரு போன். தாலி கட்டும் படத்தைத் திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக வருகிறதாம். நான் போய்த் திறந்தபோது படம் முழுசாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் சாம்பல்.

இரண்டு 4 டிபி டிஸ்க்குகள், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் லினக்ஸின் எம்டி ரெய்டில் ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டா இரண்டிலும். மேலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ஒரு டிஸ்க்கில் நல்ல நகல், இன்னொன்றில் கெட்டது. படிக்கும்போது எந்த டிஸ்க்கிடம் வேலை போகிறதோ அதில் உள்ளதுதான் திரைக்கு வரும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் இரண்டுமே சுத்தம். இரண்டு நகல்களையும் ஒப்பிடும் எம்டியின் 'செக்' ஓட்டினேன், மிஸ்மேட்ச் எண்ணிக்கை பூஜ்யம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எம்டி சொல்லும், எது சரி என்று சொல்லாது. தீர்ப்பு சொல்ல அதனிடம் மூன்றாவது சாட்சி கிடையாது. 'ரிப்பேர்' கொடுத்தால் ஒரு டிஸ்க்கில் இருப்பதை எடுத்து மற்றதன்மேல் எழுதிவிடும். அது கெட்ட நகலாக இருந்துவிட்டால் நல்லதும் போய்விடும். அந்த கட்டளையை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

ஃபைல் சிஸ்டமும் ரெய்டும் ஒன்றாகச் சேர்ந்த இசட்எஃப்எஸ்ஸில் அந்தச் சாட்சி உண்டு. டேட்டாவின் ஒவ்வொரு துண்டுக்கும் (பிளாக்) ஒரு செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், எழுதி, அதை அந்த பிளாக்கோடு வைக்காமல் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால் மற்ற டிஸ்க்கிலிருந்து நல்லதை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும்.

பெட்டியில் எதையும் மாற்றாமல் அதே டிஸ்க்குகளில் இசட்எஃப்எஸ் போட்டு, பேக்கப்பிலிருந்து டேட்டாவை இறக்கினேன். இரண்டு வாரம் கழித்து ஸ்க்ரப், அதாவது எல்லா பிளாக்கையும் படித்துச் செக்சத்தோடு சரிபார்க்கும் ஓட்டம். ஸ்டேட்டஸில் ரீட் 0, ரைட் 0. செக்சம் பத்தியில் ஒரு டிஸ்க்குக்கு 14, மற்றதற்கு 0. டிஸ்க்குகளை போர்ட் மாற்றிச் செருகி, எண்ணிக்கையை அழித்து, சில நாள் ஓடவிட்டு மறுபடி ஸ்க்ரப் ஓட்டினேன். இந்த முறை பிழை அடுத்த டிஸ்க்கில். அப்படியென்றால் டிஸ்க் காரணமில்லை, போர்ட்தான். அந்த போர்ட் தனியாகச் செருகிய ஒரு சாட்டா கார்டில் இருந்தது. கார்டைக் கழற்றி, அதில் இருந்த டிஸ்க்கை மதர்போர்டிலேயே செருகினேன். அதன் பிறகு பூஜ்யம். ராம் கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு டிஸ்க்கிலும் எண் ஏறியிருக்கும்.

தொல்லை இல்லாமல் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இசட்எஃப்எஸ் கிடையாது, தனி மாட்யூல். புதுக் கெர்னலுக்குத் தாவுமுன் மாட்யூல் அதற்குத் தயாரா என்று பார்த்தே ஆக வேண்டும். மெமரியும் தாராளமாகக் கேட்கும். நிறுவுவதில் எம்டி எளிது, வேகத்தில் அந்த ஸ்டூடியோ வேலைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ரெய்டு வேலையைத் தானே செய்யும் ஹார்டுவேர் ரெய்டு கார்டு ஓடும் இடம் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே டிஸ்க்குகள் கார்டுக்குப் பின்னால் மறைந்திருந்ததால், ஒவ்வொன்றின் ஸ்மார்ட் அறிக்கையை எடுப்பதே தனி வேலையாகிவிட்டது.

2 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி என்றால் எம்டியையே வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு எம்டி செக் தானாக ஓடும், இரண்டாம் ஞாயிறு இசட்எஃப்எஸ் ஸ்க்ரப். ஸ்டூடியோவில் அதற்கு மறுநாள் திங்கட்கிழமை காலை ஸ்டேட்டஸைத் திறந்து அந்தச் செக்சம் பத்தியை மட்டும் பார்க்கிறேன்.