பழைய பியானோ வாங்கப் போகிறவர்கள் முதலில் அடிப்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. 2024 செப்டம்பரில் புதுச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கடையில் 1,85,000 ரூபாய் கொடுத்து ஓர் அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) வாங்கி ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த கான்வென்டில் ஒரு பியானோ இருந்தது. சிஸ்டர் வாசிக்கும்போது அதன் முதுகுப் பலகையில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். கீழ்ஸ்தாயிக் கட்டையை அழுத்தினால் ஒலி காதில் விழுவதற்கு முன்பே கன்னத்து எலும்பில் அதிரும். ஐம்பது வருஷமாகியும் அது மறக்கவில்லை. பேத்தி கீபோர்டு கற்க ஆரம்பித்து, "இனி விரலுக்குக் கனம் பழக வேண்டும், நிஜப் பியானோ இருந்தால் நல்லது" என்று அவள் டீச்சர் சொன்னதும், ஓய்வூதியப் பணத்தில் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன்.

கடையில் அதைப் பார்த்த நிமிஷம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. வால்நட் மரத்தின் வரி கண்ணாடி மாதிரி மின்னியது. முன்பலகையில் மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள். மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலத்துப் பியானோக்களில் இது உண்டு. மூடியைத் திறந்தால் 'பிளேயெல், பாரிஸ்' என்று தங்க எழுத்து. "பிரெஞ்சுக்காரங்க வீட்டுச் சாமான் மேடம். ஷோப்பன் வாசிச்ச கம்பெனி. முழுக்க ரெஸ்டோர் பண்ணியிருக்கோம், கம்பி, ஃபெல்ட் எல்லாம் புதுசு. கட்டையெல்லாம் அசல் தந்தம்" என்றார் கடைக்காரர். பியானோ மேதை ஷோப்பன் பிளேயெல் பியானோவை விரும்பியது உண்மைதான். 1832-ல் பாரிஸில் அவர் முதல் கச்சேரி செய்ததும் பிளேயெல் அரங்கில்தான். சொன்னதில் ஒன்று மெய்யாக இருந்ததால் மற்றதையும் நம்பிவிட்டேன்.

ச ரி க ம வாசித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஏசி அறை, முந்தின நாள்தான் டியூன் செய்திருக்கிறார்கள். சின்ன யானையில் ஏற்றி அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முதலில் கண்டுபிடித்தது பேத்திதான். "பாட்டி, இது என் கீபோர்டோட சேரலயே" என்றாள். இரண்டிலும் ஒரே கட்டையை அழுத்தினோம். பியானோ அரைக்கட்டை கீழே இருந்தது. 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய ஏ சுரம், போனில் இறக்கிய டியூனர் செயலியில் 415 காட்டியது. எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்கியிருந்தால், தனியாக வாசிக்கும்போது சங்கீதம் தெரிந்தவர்களில்கூடப் பெரும்பாலானோருக்குப் பிடிபடாது. சுருதிப்பெட்டி பக்கத்தில் இருந்தால் தெரியும். அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடையில் நின்றேன். அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைக்காரருக்கு வாட்ஸ்ஆப் அனுப்பினேன். "புது இடம் மேடம், பத்து நாள்ல செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. அக்டோபர் மத்தியில் நடுஸ்தாயி தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. மூன்றும் மூன்று விதமாகப் பேசின. அப்புறம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்த ஈரத்தில் மரக்கட்டைகள் ஊதி, பல கட்டைகள் அழுத்தினால் மேலே எழவில்லை. மறுபடி கூப்பிட்டபோது, "புயல்ல கெட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று கேட்டார். புயலுக்கு முன்பே அக்டோபரில் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள் என்னிடம் இருந்ததால்தான் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடிந்தது.

ஜனவரியில் சென்னையிலிருந்து பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு வயதான டியூனரை வரவழைத்தேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. கால் மிதி இருக்கும் இடத்துக்கு மேலுள்ள பலகையைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார். பிறகு மேல் மூடி. "டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க" என்றார்.

'புதுக் கம்பி' என்று சொன்னதெல்லாம் பழைய துருவின் மேல் அடித்த வெள்ளி ஸ்பிரே. கம்பியின் ஒலியைப் பெருக்கும் சவுண்ட் போர்டு பலகையில் என் கை நீளத்துக்கு ஒரு விரிசல். அதில் எம்-சீல் அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட்டை, அதாவது கம்பளி உறையை, பூச்சி தின்றிருக்கிறது, மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் சில இடத்தில் மரமே தெரிந்தது. கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் தங்க பெயின்டைச் சுரண்டினால் வார்ப்பிலேயே 'லண்டன்' என்ற எழுத்து. முன்னால் ஒட்டியிருந்த பாரிஸ் ஸ்டிக்கர் நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஆணிகளில் இருந்தது. வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படித்தான் பியானோவுக்கு டியூனிங் பின். 200-க்கு மேற்பட்ட பின்கள் ஒரு கனமான மரக்கட்டையில் இறுக்கமாகப் பிடித்து நிற்க வேண்டும். இன்றைய பியானோக்களில் எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கு மேல். பழையவற்றில் குறைவு, ஆனாலும் பல டன். என் பியானோவில் அந்த மரக்கட்டையே பிளந்திருந்தது. ஓட்டையில் அட்டைத் துண்டைச் செருகிப் பின்களை அடித்து இறக்கியிருந்தார்கள். டியூனர் சாவி போட்டுத் திருப்பிக் கையை எடுத்ததும் பின் தானாகவே பின்னால் சுழன்றது. அவர் சாவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். முழு சுருதிக்கு ஏற்றினால் கம்பி அறும், பின் நிற்காது என்று தெரிந்துதான் அரைக்கட்டை கீழே வைத்து விற்றிருக்கிறார்கள் என்றார். புது மரக்கட்டை, கம்பி, சுத்தியல் எல்லாம் போடுவதென்றால் நான் கொடுத்த விலைக்கு மேல் ஆகும்.

பழைய லண்டன் பியானோ என்பதாலேயே மட்டம் என்று நினைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். என்னுடையதில் கம்பிகள் நேராக ஓடுகின்றன. இரும்புச் சட்டம் முக்கால் பாகம்தான். ஒலியை அணைக்கும் டாம்பர்கள் சுத்தியலுக்கு மேலே, பறவைக் கூண்டு மாதிரிக் கம்பி வரிசைக்குப் பின்னால் இருக்கின்றன. இந்த அமைப்பில் சுரம் சட்டென்று அணையாது. நம் கடலோரத்து ஈரத்துக்கு முழு இரும்புச் சட்டமும், கீழ்ஸ்தாயிக் கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்காக ஓடும் அமைப்பும் உள்ள பியானோதான் தாங்கும் என்பது அவர் அனுபவம். நேர்மையாக வேலை செய்தவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை, கடைக்காரர் காட்டவுமில்லை.

தந்தம் விஷயம். அசல் தந்தக் கட்டையில், கறுப்புக் கட்டை தொடங்கும் இடத்தில் இரண்டு துண்டு சேரும் மெல்லிய கோடு தெரியும். என்னுடையதில் கோடே இல்லை, பிளாஸ்டிக். பொய் சொன்னாரே என்று கோபம் வந்தாலும் மனசு ஆறிப்போனது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வியாபாரம் குற்றம். தந்தம் என்று பெருமையாகச் சொல்லி விற்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பில்லை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'பழைய மரச்சாமான் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. பியானோ என்ற சொல்லே இல்லை. என்னைக் காப்பாற்றுவது வாட்ஸ்ஆப்பில் அவரே அனுப்பிய 'ஃபுல்லி ரெஸ்டோர்டு, புதுக் கம்பி' என்ற விளம்பரப் படமும் டியூனர் எழுதிக் கொடுத்த அறிக்கையும்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன். பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுத்தேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பியானோ கூடத்தில் அப்படியே நிற்கிறது. பேத்தி அதன் மேல் கீபோர்டை வைத்து வாசிக்கிறாள். புதுச்சேரியில் யாராவது பழைய பியானோ பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட வருகிறேன். எந்தப் பலகையை எப்படிக் கழற்ற வேண்டும் என்று அந்த டியூனர் எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.